ஸ்டால் புரிய வேண்டுமா, முதலில் காத்தாடிக்குச் சூத்திரம் கட்டுங்கள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களிடம் ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது, எப்போது வரும் என்று கேட்டால், வேகம் குறைந்தால் வரும் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அது பாதி பதில். ஸ்டாலுக்குக் காரணம் கோணம். இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் நடுவில் உள்ள ஆங்கிள் ஆஃப் அட்டாக். இது மனப்பாடத்தில் இருந்தால் போதாது, கைக்குப் பழக வேண்டும். அதற்கு நம்ம வடசென்னையில் நல்ல வழி இருக்கிறது.

மத்தியானம் கடல்காற்று எழும்பியதும் திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் ஒரு காத்தாடியோடு போங்கள். மாஞ்சா தொடவே கூடாது, அது கழுத்தை அறுத்து ஆளையே கொன்றிருக்கிறது. சாதா நூல் போதும். சூத்திரத்தில், அதாவது காத்தாடியைப் பறக்கவிடும் நூலோடு இணைக்கும் மேல், கீழ் கட்டுநூல்களில், மேல் நூலைக் கொஞ்சம் குட்டையாகக் கட்டினால் காத்தாடி காற்றில் சாய்ந்து படுத்து, லேசாக ஏறும். அப்புறம் இறக்கி, முடிச்சை அவிழ்த்து, கீழ் நூலைக் குட்டையாக்கி மறுபடி விடுங்கள். அதே காற்று, அதே காத்தாடி, ஆனால் இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காற்றை முட்டும், நூல் விரலில் பதிகிற மாதிரி இழுக்கும், மேலே மட்டும் போகாது. அந்த இழுப்பில் பெரும்பங்கு டிராக், அதாவது காற்று பின்னால் இழுக்கும் விசை. முடிச்சை ஒரு விரல்கடை தள்ளினாலே இவ்வளவு மாறுகிறது.

இறக்கையும் இப்படித்தான். காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இறக்கைக்கு மேலாகப் போகும் காற்றும் கீழாகப் போகும் காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மேலாகப் போவது முன்னாடியே போய்ச் சேர்ந்துவிடும். கோணம் கூடக்கூட லிஃப்ட், அதாவது மேலே தூக்கும் விசை, கூடும், ஆனால் சின்ன விமானங்களில் சுமார் 15 டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேல்பரப்பை ஒட்டி ஓட முடியாமல் பிரிந்துவிடும். லிஃப்ட் சரியும், டிராக் எகிறும். மூக்கு நேராக இருப்பதை வைத்துக் கோணம் சின்னது என்று நினைக்காதீர்கள். விமானம் இறங்கிக்கொண்டிருந்தால் காற்று கீழேயிருந்து வருகிறது.

திருப்பத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உயரம் குறையாமல் 60 டிகிரி பேங்கில், அதாவது இறக்கையை அவ்வளவு சாய்த்து, திரும்பினால் இறக்கை இரண்டு மடங்கு எடையைத் தாங்க வேண்டும், ஸ்டால் வேகம் 1.41 மடங்காகும். நேராகப் பறக்கையில் 50 நாட் (மணிக்கு 50 கடல்மைல்) வேகத்தில் வருவது இங்கே 70 நாட் வேகத்திலேயே வந்துவிடும். தரையிறங்கக் கடைசியாகத் திரும்பும்போது ஓடுபாதையின் நேர்கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் சாய்த்து இழுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். உயரமே இல்லாத இடம் அது. பவர் கொடுத்து, சுற்றிவிட்டு மறுபடி வாருங்கள்.

சரி, ஸ்டால் வந்தேவிட்டால்? முதலில் யோக்கை, அதாவது கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டை, முன்னே தள்ளிக் கோணத்தைக் குறையுங்கள். கூடவே முழு பவர், ரட்டர் (வாலில் உள்ள சுக்கான்) சேர்த்து இறக்கையைச் சமமாக்குங்கள், வேகம் வந்ததும் மெதுவாக ஏறுங்கள். முதல் தடவை மூக்கு கவிழ்ந்தபோது என் கை தானாகவே பின்னால் இழுத்தது, அதனால் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தே முன்னே தள்ளிப் பழகிக்கொண்டு போங்கள்.

பயிற்றுநரோடு, நல்ல உயரத்தில், திருப்பத்திலும் ஒரு ஸ்டால் செய்யக் கேளுங்கள். இறக்கை நடுங்கும்போது ஏர்ஸ்பீட் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்து, நேராகப் பறந்து எடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.