கட்டுக் கட்டாகப் பிரியுங்கள்: சிமுலிங்கில் சப்சிஸ்டம்

கோட்டையூர் வீட்டில் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மேல்தொட்டி. மோட்டாரைப் போட்டுவிட்டு யாராவது மறந்துவிடுவார்கள். தொட்டி வழிந்து வளவில் கொட்டும். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் ஆயா வழுக்கி விழுந்த பிறகுதான், தானாக நிற்கும் மோட்டாருக்கு சிமுலிங்கில் ஒரு மாதிரி வரைய உட்கார்ந்தேன். பிளாக் என்னும் உறுப்புகளைக் கோடுகளால் இணைத்து, ஒன்று எப்படி இயங்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கும் மென்பொருள் அது. தொட்டி, மோட்டார், குழாய், மட்டத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ரிலே எல்லாம் போட்டதில் 40 பிளாக். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எங்கே போகிறதென்று எனக்கே பிடிபடவில்லை.

இதற்கு வழி சப்சிஸ்டம், அதாவது பல பிளாக்குகளை உள்ளே வைத்த ஒரு பெட்டி. அப்படிக் கட்டுவது எளிது. வேண்டிய பிளாக்குகளை மவுசால் சுற்றி வளைத்து, கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் ஒரே பெட்டியாகிவிடும். பிடிக்கவில்லையா, பெட்டியைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-ஷிப்ட்-ஜி, பழையபடி பிரிந்துவிடும்.

யோசிக்க வேண்டியது எங்கே வெட்டுவது என்பதைத்தான். நான் முதலில், திரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததையெல்லாம் ஒன்றாகக் கட்டினேன். தொட்டியில் பாதியும் மோட்டாரில் பாதியும் ஒரே பெட்டிக்குள் போய், ஒன்பது கோடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டையே பாருங்கள்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, நடுவில் ஒரு நிலைக்கதவு. அதேபோல, கோடுகள் குறைவாகக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். தொட்டியைத் தனியாகப் பிரித்ததும் உள்ளே வர இரண்டு கோடு, வெளியே போக இரண்டு என்று அடங்கிவிட்டது.

கட்டிய கையோடு பெட்டியைத் திறந்து, இன்1, அவுட்1 என்று அதுவாக வைத்த பெயர்களை மாற்றிவிடுங்கள். நான் வரத்து, செலவு, மட்டம், வழிவு என்று வைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எந்த வாசல் எதற்கென்று மறந்துபோகும்.

ஒன்றில் மட்டும் கவனம். சாதாரண சப்சிஸ்டம் வெறும் படம்தான், கணக்கு மாறாது. அதன் அமைப்பில் ‘ட்ரீட் ஆஸ் அட்டாமிக் யூனிட்’ என்பதை டிக் செய்தால், உள்ளே இருப்பதெல்லாம் ஒரே அலகாகக் கணக்கிடப்படும். என் தொட்டிக்கு அதைச் செய்ததும் அல்ஜிப்ராயிக் லூப் என்று எச்சரித்தது, அதாவது ஒன்றின் விடைக்காக இன்னொன்று அதே நேரத்தில் காத்திருக்கும் சுழல். மட்டம், மாற்றங்களை நேரப்போக்கில் கூட்டிக்கொண்டே போகும் இன்டகரேட்டர் பிளாக்கிலிருந்து வருகிறது. அதற்கு அந்த நேரத்து வரத்து தேவையில்லை. ஆனால் வழிவுக்குத் தேவை. அதனால் முழுப் பெட்டியும் வரத்துக்காகக் காத்திருக்க, வரத்தோ ரிலே வழியாக மட்டத்துக்காகக் காத்திருந்தது. டிக்கை எடுத்ததும் எச்சரிக்கை போய்விட்டது. காரணமில்லாமல் அதைத் தொடாதீர்கள்.

அப்புறம் கன்ட்ரோல்-எம், அதாவது மாஸ்க்: பெட்டிக்குள் போகாமலே அதன் எண்களை மாற்ற ஒரு படிவம். தொட்டியின் பரப்பு, உயரம் இரண்டையும் அதில் பாராமீட்டராக வைத்தேன். பின்கட்டுக்குப் புதுத் தொட்டி வந்தபோது பெட்டியை நகலெடுத்து, அந்த இரண்டு எண்களை மட்டும் மாற்றினேன்.