அக்குபங்சர் படித்தாயிற்று, பெயர்ப்பலகையில் என்ன எழுதலாம்?

அக்குபங்சர் டிப்ளமோ கையில் வந்ததும் பலரும் முதலில் போவது ஃபிளெக்ஸ் கடைக்குத்தான். அதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். என் பலகையை எழுதக் கொடுப்பதற்கு முன் தேடித் தெளிந்தவற்றை, தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் போட்ட உத்தரவு, அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. பதிவுபெற்ற மருத்துவர்களும் முறையான பயிற்சி பெற்றவர்களும் செய்யலாம் என்றது. 2019 பிப்ரவரியில் தனிச் சிகிச்சை முறையாகவே அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அங்கீகாரம் வேறு, உரிமம் வேறு. மகாராஷ்டிராவில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிகிச்சையாளர்களைப் பதிவு செய்கிற அக்குபங்சர் கவுன்சில் இருக்கிறது. நம் மாநிலத்தில் அப்படிச் சட்டம் போட்டு அமைத்த கவுன்சில் இல்லை.

என்னை ரொம்ப நேரம் நிறுத்தி வைத்தது அடுத்த படி. சந்தா கட்டினால் பதிவு எண்ணும் அடையாள அட்டையும் தருவதாகச் சில சங்கங்கள் கூப்பிடும். அவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தச் சட்டப்படி இந்தப் பதிவு?" 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் என்று பதில் வந்தால், அது அந்தச் சங்கத்துக்கான பதிவு, உங்களுக்கான உரிமம் அல்ல. உறுப்பினராக விருப்பமிருந்தால் சேருங்கள். அந்த எண்ணை மட்டும் மருத்துவப் பதிவு எண் மாதிரி பலகையில் போடாதீர்கள்.

அப்புறம் 'டாக்டர்'. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ முறைகளில் இருப்பவர்கள் மட்டுமே இந்தப் பட்டத்தைப் போட வேண்டும் என்பது அதே 2003 உத்தரவில் இருக்கிறது. எம்.பி.பி.எஸ்., சித்தா போன்றவற்றைப் படித்துப் பதிவு செய்தவர் போடலாம், டிப்ளமோ மட்டும் முடித்தவர் போடக் கூடாது. 'எம்.டி. (அக்கு)' என்று யாராவது கொடுத்தால், 1956-ஆம் ஆண்டு யு.ஜி.சி. சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் பாருங்கள்: பட்டம் தரும் அதிகாரம் சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்களுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் நாடாளுமன்றம் அதிகாரம் தந்த நிறுவனங்களுக்கும்தான்.

என் பலகையில் பெயர், கீழே 'அக்குபங்சர் சிகிச்சையாளர்', அதற்குக் கீழே சான்றிதழில் அச்சாகியிருக்கிறபடியே டிப்ளமோவின் பெயர். அவ்வளவுதான். 'அக்கு ஹீலர்' என்று போடுகிறவர்களும் உண்டு. எனக்குச் 'சிகிச்சையாளர்' பிடிக்கும், படிக்கிறவருக்கு உடனே புரியும். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. "டாக்டர், சுகர் மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று ஒரு பாட்டி கேட்டால், நம் பதிலை மருத்துவரின் உத்தரவாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தவரிடமே கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

ஊசி விஷயத்தில், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும், வழிகாட்டிக் குழாயோடு வரும் ஊசிகளையே வாங்குங்கள். கொதிக்க வைத்துத் திரும்பக் குத்துகிற பழக்கமே வேண்டாம். பயன்படுத்திய ஊசியைப் பழைய தண்ணீர் பாட்டிலில் போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, கூர்மையானவை துளைபடாத, ஒளி ஊடுருவும் வெள்ளை டப்பாவுக்குத்தான் போக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிக்கும் விண்ணப்பியுங்கள்.

பின்சேர்க்கை: ஊசியே இல்லாமல் தொடு சிகிச்சை மட்டும் செய்கிறவர்கள் தங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார்கள். ஊசிக் கழிவு பற்றிய பத்தியை மட்டும் விட்டுவிடலாம். பட்டம், பதிவு எண் பற்றிச் சொன்னது உங்களுக்கும் சேர்த்துத்தான்.