கம்ப்யூட்டர் படுக்கறதுக்கு முன்னாடியே பேக்கப்பும் ரெக்கவரி பென்டிரைவும் ரெடி பண்ணி வெச்சுக்கோங்க

சிஸ்டம் ஆன் ஆகலன்னு சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போனா அங்க முதல்ல கேக்கறது "உள்ள டேட்டா எதாவது வேணுமா, ஃபார்மட் அடிச்சிரலாமா?"ங்கறதுதான். அப்பதான் கல்யாண போட்டோ, பசங்க ப்ராஜெக்ட், பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாம் ஒண்ணொண்ணா ஞாபகம் வரும். இந்த வேலைய சிஸ்டம் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே முடிச்சுடுங்க, ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் போதும்.

முதல்ல ஒரு விஷயம், டி டிரைவ்ல காப்பி பண்ணி வெச்சது பேக்கப் கிடையாது. நிறைய வீட்டுல ஒரே ஹார்ட் டிஸ்கத்தான் சி, டி, ஈன்னு பிரிச்சுக் குடுத்திருப்பாங்க, விண்டோஸ் மட்டும் கரப்ட் ஆனா டி தப்பிக்கும், ஆனா டிஸ்க்கே போச்சுன்னா மூணும் சேந்து போயிடும். எஸ்எஸ்டின்னு இப்ப வர்ற சிப் டிஸ்க் இன்னும் மோசம், பழைய ஹார்ட் டிஸ்காவது கடகடன்னு சத்தம் போட்டு, ஸ்லோவாகி முன்னாடியே காட்டிக்குடுக்கும், எஸ்எஸ்டி நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டு இன்னைக்கு பயாஸ்லயே (விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் ஸ்கிரீன்) தெரியாமப் போயிடும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, போட்டுப் பாருங்க, நீலக் கலர்ல குட்னு இருந்தா இப்போதைக்கு பரவாயில்ல, மஞ்சள்ல காஷன்னு வந்துட்டா வேற எதையும் நோண்டாம அன்னைக்கே டேட்டாவ வெளிய எடுத்துடுங்க.

வாங்க வேண்டியது ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், அப்புறம் 32 ஜிபி பென்டிரைவ் ரெண்டு. ஆன்லைன்ல 2 டிபி பென்டிரைவ் அடிமாட்டு விலைக்குன்னு வரும் பாருங்க, அந்தப் பக்கமே போகாதீங்க, உள்ள இருக்கறது சின்ன சிப்பு, சைஸ் மட்டும் பெருசா காட்டும், காப்பி ஆன மாதிரியே இருக்கும், பின்னாடி தொறந்தா ஃபைல் எல்லாம் கரப்ட்.

எதை எல்லாம் காப்பி பண்ணணும்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், இது எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா டேலி பிரைம்ங்கற கணக்கு சாஃப்ட்வேர் வெச்சிருந்தா அதோட டேட்டா டாக்குமெண்ட்ஸ்ல இருக்காது, வேற இடம் மாத்தலன்னா சி டிரைவ்ல யூசர்ஸ், அதுக்குள்ள பப்ளிக், அதுக்குள்ள டேலிபிரைம், அதுக்குள்ள டேட்டான்னு ஒரு ஃபோல்டர்ல உக்காந்திருக்கும், கடைக் கணக்கு மொத்தமும் அங்கதான். குரோம்ல புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் சிங்க் (கூகுள் அக்கவுண்ட்லயும் தானா ஒரு காப்பி சேர்றது) ஆன்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் பழைய தமிழ் ஃபைல்கள். பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்ச வேர்ட் ஃபைல் வெச்சிருக்கீங்கன்னா ஃபைல மட்டும் எடுத்தா பத்தாது, புது விண்டோஸ்ல தொறந்தா தமிழ் எழுத்துக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் குறியும்தான் வரிசையா நிக்கும், ஏன்னா அது எல்லா சிஸ்டத்துலயும் தெரியற யூனிகோட் எழுத்து இல்ல, அந்த ஃபான்ட் இருந்தாதான் தமிழாவே தெரியும். அதனால விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள ஃபான்ட்ஸ்ல போயி அந்த ஃபான்ட்களையும் காப்பி எடுங்க, டைப் பண்ற சாஃப்ட்வேரோட செட்டப் ஃபைலையும் கூடவே போட்டு வைங்க. சங்க மலர், கோயில் நோட்டீஸ்னு அடிக்கறவங்க வீட்டுல இது ரொம்ப முக்கியம், தொலைஞ்சா திரும்ப உக்காந்து அடிக்கணும்.

தானா காப்பி ஆகணும்னா கண்ட்ரோல் பேனல்ல ஃபைல் ஹிஸ்டரி ஆன் பண்ணிடுங்க, எக்ஸ்டர்னல் டிஸ்க் மாட்டியிருந்தா மணிக்கு ஒரு தடவை மாறின ஃபைல எடுத்துக்கும், பழைய வெர்ஷனும் இருக்கும். ஆனா அது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் மாதிரி இடத்ததான் பாக்கும், டேலி ஃபோல்டர நீங்க தனியாதான் காப்பி பண்ணணும். முடிஞ்சதும் டிஸ்க கழட்டி பீரோல வைங்க. மாட்டியே வெச்சிருந்தா, ஃபைல பூட்டிட்டு காசு கேக்கற ரான்சம்வேர் வைரஸ் வந்தா அதையும் சேத்து லாக் பண்ணிடும், இடி மின்னல்ல வோல்டேஜ் எகிறினா ரெண்டும் ஒண்ணா போகும்.

கூகுள் டிரைவ்ல இருக்கே, ஒன்டிரைவ்ல இருக்கேன்னு சொல்லுவீங்க. நல்லதுதான், வீட்டுக்கு வெளிய ஒரு காப்பி கட்டாயம் வேணும். ஆனா சிங்க்ங்கறது இங்க டெலீட் பண்ணா அங்கயும் டெலீட் பண்ணிடும், பர்சனல் ஒன்டிரைவ்ல ரீசைக்கிள் பின் 30 நாள்தான். ஃப்ரீ இடமும் கூகுள்ல 15 ஜிபி, அதுவும் ஜிமெயில் போட்டோஸோட சேத்து, ஒன்டிரைவ்ல 5 ஜிபி. அதனால மார்க்‌ஷீட், பத்திரம், கணக்கு மாதிரி முக்கியமானத மட்டும் அங்க போடுங்க.

இப்ப ரெக்கவரி பென்டிரைவ், விண்டோஸ் ஏறலன்னா சரி பண்ணவோ திரும்பப் போடவோ இதுதான் உதவும். ஸ்டார்ட்ல ரெக்கவரி டிரைவ்னு தேடினா வரும், சிஸ்டம் ஃபைல்ஸையும் பேக்கப் பண்ணுங்கற டிக் இருக்கும், அந்த டிக்க எடுத்துடாம அப்படியே விடுங்க. பென்டிரைவ்ல இருக்கறது மொத்தமும் அழிஞ்சிடும், நேரமும் நிறைய எடுக்கும், ராத்திரி சாப்பிடப் போகும்போது போட்டுட்டுப் போங்க. வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா பண்ணிக்கணும், ஏன்னா விண்டோஸ் அப்டேட் ஆகிட்டே இருக்கு. இதுல உங்க போட்டோ எதுவும் இருக்காது, ரெக்கவர் ஃப்ரம் எ டிரைவ்னு குடுத்தா உங்க ஃபைல் எல்லாத்தையும் அழிச்சிட்டுதான் விண்டோஸ் போடும், அதனால பேக்கப் இருக்குன்னு உறுதியா தெரியாம அந்த பட்டன தொடாதீங்க.

ரெண்டாவது பென்டிரைவ்ல லினக்ஸ் மிண்ட் போட்டு வைங்கன்னு நான் சொல்லுவேன், அது விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஃப்ரீ ஓஎஸ், பென்டிரைவ்லேர்ந்தே ஓடும். ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல, மிண்ட் சைட்லேர்ந்து இறக்கின ஐஎஸ்ஓ ஃபைல காட்டினா அதுவே எழுதிக்கும். விண்டோஸ் ஏறவே ஏறலன்னாலும் இதுலேர்ந்து சிஸ்டத்த ஸ்டார்ட் (பூட்) பண்ணி, இன்ஸ்டால் எதுவும் பண்ணாம, உள்ள இருக்கற ஃபைல எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு இழுத்துப் போட்டுடலாம். கடைல டேட்டா ரெக்கவரின்னு காசு குடுக்கறதுல பாதி கேஸ் இப்படியே முடிஞ்சிடும்.

ஆனா அதுக்கு ஒரு சாவி வேணும், இதத்தான் ரொம்பப் பேர் கவனிக்கறதே இல்ல. புது விண்டோஸ் 11 லேப்டாப்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணா நிறைய மாடல்ல டிஸ்க பூட்டி வைக்கற டிவைஸ் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆகிடுது. மதர்போர்டு போயி டிஸ்க மட்டும் கழட்டி வேற சிஸ்டத்துல மாட்டினா அந்தப் பூட்டத் தொறக்கற 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேக்கும், இல்லன்னா டிஸ்க் நல்லா இருந்தும் ஒரு ஃபைல் கூட எடுக்க முடியாது, எந்தக் கடைக்காரராலயும் முடியாது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பேஜ்ல உங்க டிவைஸுக்குக் கீழ அந்த கீ இருக்கும். இன்னைக்கே பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டு வெச்சிருக்கற ஃபைல்ல போடுங்க, அந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கோங்க, பாதிப் பேருக்கு கடைல இருக்கறவர் கிரியேட் பண்ணிக் குடுத்த ஐடிதான் இருக்கும்.

இன்டெல் 11ஆம் தலைமுறையோ அதுக்கு அப்புறமோ வந்த லேப்டாப்னா இன்னொண்ணு. புதுசா விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே லிஸ்ட்ல வராம நிக்கறது உண்டு, டிஸ்க விண்டோஸுக்கு அடையாளம் காட்டற விஎம்டி டிரைவர்ங்கற சாஃப்ட்வேர் குடுத்தாதான் காட்டும். அதையும் வைஃபை டிரைவரையும் உங்க லேப்டாப் கம்பெனி சைட்லேர்ந்து இறக்கி எக்ஸ்டர்னல் டிஸ்க்ல ஒரு ஃபோல்டர்ல வைங்க, சிஸ்டம் படுத்தப்புறம் போன்ல தேடி இறக்கறது பெரிய அவஸ்தை.

எல்லாம் ஆனதும் டெஸ்ட் பண்ணுங்க, இத விட்டுட்டா மேல சொன்னது எதையும் நம்ப முடியாது. பென்டிரைவ மாட்டி ரீஸ்டார்ட் பண்ணி, எதுலேர்ந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்கற பூட் மெனு போங்க, டெல், லெனோவோல பொதுவா எஃப்12, எச்பில எஃப்9. பென்டிரைவ் பேரு வருதா, செலக்ட் பண்ணா ஸ்கிரீன் வருதான்னு பாத்துட்டு கேன்சல் பண்ணி வெளிய வந்துடுங்க. அந்த நேரத்துல பிட்லாக்கர் கீ கேட்டாலும் கேக்கும், அதனால எழுதி வெச்ச பேப்பர் பக்கத்துல இருக்கட்டும். எக்ஸ்டர்னல் டிஸ்க வேற ஒரு லேப்டாப்ல மாட்டி நாலஞ்சு போட்டோ, ஒரு வீடியோ, ஒரு எக்செல் ஃபைல் தொறந்து பாருங்க. எந்த பென்டிரைவ்ல எது இருக்கு, எந்தத் தேதில பண்ணதுன்னு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க, பூட் மெனு கீ என்னன்னும் அதுலயே எழுதுங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப வீட்டுல வேற யாராவதுதான் இத எடுத்து மாட்ட வேண்டியிருக்கும்.