எந்த அரசுப் பள்ளி நல்ல பள்ளி? ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் எங்கள் அரியலூர் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: எந்தப் பள்ளி நூறு சதவீதம்? ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடித்த பிள்ளையோடு என்னிடம் வருகிறவர்களும் அதையே கேட்கிறார்கள். வாத்தியாராக இருந்துகொண்டு நானும் ஒரு காலத்தில் அதைத்தான் கேட்டேன்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது

அக்கா மகனைச் சேர்க்க வேண்டிய வருடம். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் 84 பேர் எழுதி 7 பேர் தவறியிருந்தார்கள். பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஓர் உயர்நிலைப் பள்ளி வாசலில் ‘100% தேர்ச்சி’ என்று ஃபிளெக்ஸ். அங்கேயே சேர்த்துவிட்டேன். எழுதியவர்கள் 19 பேர்தான் என்று ஃபிளெக்ஸில் இல்லை. அடுத்த வருடம் இரண்டு பேர் தவற, பள்ளி தொண்ணூறுக்குக் கீழே போனது. ஆசிரியர்கள் அதே ஆசிரியர்கள்தான்.

எரிச்சல் அதில்கூட இல்லை. அந்த 19 பேர் ஒன்பதாவது படித்தபோது வருகைப் பதிவேட்டில் 27 பெயர்கள் இருந்திருக்கின்றன. மீதி எட்டுப் பேர்? மெல்லக் கற்கும் பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்லி அனுப்பி டிசி வாங்க வைத்திருக்கிறார்கள். அதில் சிலர் போய்ச் சேர்ந்தது நான் வேண்டாம் என்று ஒதுக்கிய பள்ளியில். அங்கே தவறிய ஏழு பேரில் மூன்று பேர் இவர்கள்!

அதனால் சதவீதம் சொன்னால், ஒன்பதாவதில் எத்தனை பேர், எழுதியது எத்தனை பேர் என்று மூன்று வருடக் கணக்கைக் கேளுங்கள்.

உயர்நிலைப் பள்ளி பத்தாவதோடு சரி. பிளஸ் ஒன்னுக்கு அக்கா மகன் திரும்பி வந்தது அதே மேல்நிலைப் பள்ளிக்குத்தான். கம்ப்யூட்டர் குரூப் அங்கேயே படித்த பிள்ளைகளால் நிரம்பியிருந்தது, கிடைத்தது வணிகவியல். அக்கா இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

குரூப்பைக் கேட்காமல் விடுவது

மேல்நிலைப் பள்ளி என்று பலகை இருப்பதால் எல்லாக் குரூப்பும் இருக்கும் என்றில்லை. இருந்தாலும் இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியா என்று கேளுங்கள். காலி என்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஆள் போட்டிருக்கிறதா என்றும்.

உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளிதானே என்பது

மருத்துவப் படிப்பில் 2020 முதல் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. நடுவில் இரண்டு வருடம் உதவி பெறும் பள்ளிக்கு மாற்றினால் போச்சு. ஆதிதிராவிடர் நலப் பள்ளி கணக்கில் வரும்.

மாவட்டமே முதலிடம் என்பது

2024 பத்தாம் வகுப்பில் அரியலூர் 97.31 சதவீதத்தோடு மாநிலத்தில் முதலிடம். சந்தோஷம். உங்கள் பிள்ளைக்குக் கணக்கு எடுப்பது யார்?

கட்டடம்

கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? போதும்.

தூரம்

கிலோமீட்டரை விடுங்கள். சிறப்பு வகுப்பு முடிந்து ஆறு மணிக்கு ஊருக்குப் பேருந்து உண்டா?