கோட்டுவாத்தியத்தை வீட்டில் பதிவு செய்வது: ரீங்காரம் தொலையாமல், ஸ்லைடு சத்தம் மிஞ்சாமல்

வீணைக்குச் சொல்லப்படும் ரெக்கார்டிங் குறிப்புகளை அப்படியே கோட்டுவாத்தியத்துக்குப் (சித்ரவீணை என்றாலும் அதேதான்) பயன்படுத்தினால் பாதிதான் பலிக்கும். இங்கே வீணையில் இருப்பது போன்ற மெட்டு (ஃபிரெட்) கிடையாது. கருங்காலியோ டெஃப்லானோ, ஒரு உருளை (ஸ்லைடு) தந்திமேல் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் உரசலும் மைக்கில் ஏறும். மேலே வாசிக்க 6 தந்தி, தாளத்துக்கு 3, அவற்றுக்கு அடியில் யாரும் தொடாமலே ஒலிக்கும் 11 அல்லது 12 ரீங்காரத் தந்திகள். வாத்தியத்தின் அழகில் பாதி அந்த அடித்தந்திகளில்தான் இருக்கிறது. வீட்டு ரெக்கார்டிங்கில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

ஸ்ருதி சேர்க்கவும், கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை நிறுவவும் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

வேண்டியவை

பென்சில் மாதிரி ஒல்லியாக இருக்கும் சிறு டயாஃப்ரம் கண்டென்சர் மைக் ஒன்று, கார்டியாய்டு வகை (முன்னால் வரும் ஒலியை அதிகமாக எடுப்பது). மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ், மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்) தருவதாக. பூம் கை உள்ள ஸ்டாண்டு. காதை முழுக்க மூடும் வயர் ஹெட்ஃபோன். இவ்வளவு போதும்.

பெரிய டயாஃப்ரம் மைக் ஏற்கெனவே கையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குவதானால் பென்சில் மைக்குக்கே என் ஓட்டு. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியின் குணத்தை அது அவ்வளவாக மாற்றாது. இந்த வாத்தியத்துக்கு அது ஏன் முக்கியம் என்பது கீழே வரும். நேரே கம்ப்யூட்டரில் சொருகும் யூஎஸ்பி மைக்கிலும் பதியலாம், ஆனால் அவற்றில் பல பேச்சுக்காகவே செய்யப்பட்டவை. ஆரம்பத்தில் ஸ்டீரியோவுக்காக இரண்டு மைக் வேண்டவே வேண்டாம். ஒரு மைக்குக்குச் சரியான இடம் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஓடிவிடும்.

மென்பொருளில் ஆடாசிட்டி இலவசம், தொடங்கப் போதுமானது. வீடியோ, தம்புரா எல்லாம் தனித்தனி டிராக்கில் வேண்டுமென்றால் ரீப்பர் வசதி.

முதல் வேலை: 'தானாகச் சரிசெய்யும்' எல்லாவற்றையும் அணைப்பது

பலரும் தடுக்கி விழும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம். ஃபோனிலும் லேப்டாப்பிலும் இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். மாறாமல் தொடர்ந்து வரும் ஒலி இரைச்சல், ஏறி இறங்கி வருவது பேச்சு என்பது அதன் கணக்கு. ஃபேன் சத்தத்துக்கு இது சரி. ஆனால் தம்புரா எப்படி ஒலிக்கிறது? மாறாமல் தொடர்ந்துதான். ரீங்காரத் தந்தியும் அப்படியே. ஆகவே இரண்டையும் அது குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். ஒவ்வொரு மீட்டும் டக்கென்று கேட்கும், பின்னால் வரவேண்டிய கார்வை அரை நொடியில் செத்துப்போகும். வாத்தியம் சரியில்லை, மைக் மட்டம் என்று தேடிக்கொண்டிருப்போம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ரெக்கார்டிங்கைத் தொடங்குங்கள். ரீங்காரத் தந்திகளை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 20 நொடி அசையாமல் இருங்கள். பிறகு திரையில் அலைவடிவத்தைப் பாருங்கள். எலி வால் போலச் சீராக ஒல்லியாகிக்கொண்டே போனால் சரி. நடுவில் படிக்கட்டு மாதிரி சட்டென்று விழுந்தாலோ, விழுந்து மறுபடி எழுந்தாலோ, உள்ளே ஏதோ ஒன்று வேலை செய்கிறது.

விண்டோஸில் சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போய், மைக்கைத் தேர்ந்தெடுத்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆஃப் செய்ய வேண்டும். ஐஃபோனில் மைக் மோடு 'வாய்ஸ் ஐசொலேஷன்' என்று இருந்தால் 'ஸ்டாண்டர்டு' ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு ரெக்கார்டர் செயலிகளில் நாய்ஸ் சப்ரஷன், ஆட்டோ கெயின் என்று எது கண்ணில் பட்டாலும் அணையுங்கள். ஆன்லைன் வகுப்பில் குருவுக்கு வாசித்துக் காட்டும்போதும் இதே தொல்லைதான். ஸூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதை ஆன் செய்தால்தான் கமகம் அங்கே போய்ச் சேரும்.

அறையும் ஸ்ருதியும்

ஃபேன், ஏசி, பக்கத்து அறை ஃபிரிட்ஜ் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். (வேலை முடிந்ததும் ஃபிரிட்ஜை மறுபடி போட மறக்காமலிருக்க, கார் சாவியையோ செருப்பையோ அதன்மேல் வைத்துவிடுங்கள்.) வாத்தியம் தரைக்கு அருகில் இருப்பதால் டைல்ஸ் தரையின் எதிரொலி நேராக மைக்குக்குப் போகும். கனமான ஜமக்காளத்தை இரண்டு மடிப்பாக, வாத்தியத்தைவிட எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது அதிகம் இருக்கும்படி விரியுங்கள். அறையின் மூலையிலும் நட்ட நடுவிலும் உட்கார வேண்டாம். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்தால் நன்றாகவே இருக்கும்.

ஏசியை அணைத்த உடனே ஸ்ருதி சேர்க்காதீர்கள். அறை சூடாகச் சூடாகத் தந்தி தளர்ந்து ஸ்ருதி இறங்கும். கால் மணி நேரம் விட்டுப் பிறகு சேருங்கள். ரீங்காரத் தந்திகளில் சோம்பல் கூடாது. சங்கராபரணம் முடித்துக் கல்யாணி எடுத்தால் மத்யமத் தந்தியை ஏற்றியே ஆக வேண்டும். ஒரு தந்தி 330 ஹெர்ட்ஸிலும் அதோடு சேர்ந்து ஒலிக்கும் இன்னொன்று 332-லும் இருந்தால், நொடிக்கு இரண்டு முறை ஒலி ஏறி இறங்கி அலையடிக்கும். நேரில் அது காதில் உறைக்காது. ரெக்கார்டிங்கில் ஒவ்வொரு கார்வையின் வாலிலும் வந்து நிற்கும்.

மைக் எங்கே?

வாசிப்பவர் பார்வையில் குடம் வலப்பக்கம், தண்டி இடப்பக்கம். மைக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து கொண்டுவந்து, குடத்தின் பலகைக்கு 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்குச் சற்று வலப்புறமாக, அதாவது தந்திகளின் முனையைக் கட்டியிருக்கும் நாகபாசத்தின் பக்கமாக நிறுத்துங்கள். பலகையைப் பார்த்தபடி இருக்கட்டும். பிறகு அதன் முகத்தைத் தண்டியிலிருந்து விலகும்படி சுமார் 30 டிகிரி வலப்பக்கம் திருப்புங்கள்.

காரணம் இது. கார்டியாய்டு மைக் நேர் பக்கவாட்டில், 90 டிகிரியில் வரும் ஒலியை 6 டெசிபெல் குறைத்தே எடுக்கும். 120 டிகிரியில் 12 டெசிபெல் குறையும். முகத்தைத் திருப்பினால் தண்டியில் ஓடும் ஸ்லைடு அந்தப் பக்கவாட்டில் தள்ளிப்போகிறது. குதிரையோ இன்னும் மைக்கின் முன்பக்கத்திலேயே இருப்பதால் அதன் ஒலி அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போகப்போக ஸ்லைடு குதிரையை நோக்கி, அதாவது மைக்கை நோக்கியே வருகிறது. எனவே மைக் இடத்தைக் கீழ் ஸ்தாயியில் வாசித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தார ஷட்ஜத்தைச் சுற்றி ஒரு சஞ்சாரம் வாசித்துப் பாருங்கள். அங்கே உரசல் மிஞ்சினால் மைக்கை இன்னும் 5 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்துங்கள்.

ஒவ்வொரு இடத்திலும் அதே சஞ்சாரத்தை 30 நொடி பதிந்து, சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுங்கள். சத்தம் கூடுதலாக இருப்பதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். 20 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால் கார்டியாய்டு மைக் கீழ் ஒலிகளை ஊதிப் பெருக்கும், மந்தரம் குடத்துக்குள் பேசுவது போலாகிவிடும். வலக்கை மீட்டுகளின் 'க்ளிக்' தனியாகத் தெரிந்தால் மைக் கைக்கு மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்லைடு சத்தம்: மைக்கால் தீராத பகுதி

உரசல் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. தந்தி வழியாகவே குதிரைக்கு ஓடி, பலகையில் ஏறி, இசையோடு கலந்தே வரும். அதற்கு மைக்கில் வைத்தியம் கிடையாது.

வாசிக்கும் முன் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். துணி நுனியில் இரண்டே சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு, ஸ்லைடு ஓடும் பகுதியில் மட்டும் மெல்லத் தடவுங்கள். வழிந்தால் அடித்தந்திகளில் இறங்கி ரீங்காரம் மந்தமாகும். சுற்றுக்கம்பியான தடித்த தந்திகள் வெறும் எஃகுத் தந்திகளைவிட அதிகம் உரசும், அங்கே நீண்ட ஜாருவை (ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதை) கொஞ்சம் மெதுவாக எடுத்தால் பாதிச் சத்தம் குறைந்துவிடும். ஸ்லைடின் அடிப்பக்கத்தில் கீறல் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். கீறலோடு என்ன எண்ணெய் போட்டாலும் வீண்.

இன்னொன்று: ஸ்லைடுக்கு இடப்பக்கம் மிஞ்சும் தந்தித் துண்டும் அதிரும். அதற்கென்று ஒரு ஸ்ருதி உண்டு, ராகத்துக்குச் சம்பந்தமில்லாதது. இடக்கையின் ஓய்வான விரல் ஒன்று அங்கே மெல்லப் படிந்திருந்தால் அது அடங்கும்.

தம்புரா

ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு பதியாதீர்கள். அது மைக்கில் ஏறிவிட்டால் பிறகு ஒரு வரியை வெட்டி ஒட்ட முடியாது, ஒட்டிய இடத்தில் தம்புரா தாவும். செயலியிலிருந்து உங்கள் கட்டைக்கான தம்புராவை 10 நிமிட ஃபைலாக எடுத்து, மென்பொருளில் ஒரு டிராக்காக வைத்து, ஹெட்ஃபோனில் கேட்டபடி வாசியுங்கள். ஒரு காதைத் திறந்து வைத்தால் வாத்தியம் இயல்பாகக் கேட்கும்; திறந்த பக்க ஹெட்ஃபோன் கன்னத்தோடு ஒட்டியிருக்கட்டும், வெளியே கசியக் கூடாது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் தம்புராவுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தாளத்துக்கு மெட்ரோனோம் வைத்தாலோ உங்கள் வாசிப்பையே அதில் கேட்டாலோ அதன் தாமதம் கழுத்தறுக்கும்.

லெவல்

மென்பொருளில் 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) வைக்கும்போது ஆலாபனை வாசிக்காதீர்கள். தானம் வாசியுங்கள், தாளத் தந்திகளையும் சேர்த்து ஓங்கி மீட்டுங்கள். அதில் உச்சம் -12 டெசிபெல்லைத் தொட்டால் போதும். நிஜமாக வாசிக்கும்போது உற்சாகத்தில் ஐந்தாறு டெசிபெல் ஏறத்தான் செய்யும். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம், அளவு மீறி வெடித்ததை ஒட்ட முடியாது.

எடிட்டிங்: குறைவே நிறைவு

முதலில் கீழ் இரைச்சலை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர். ஆதார ஷட்ஜம் 3 கட்டை, 165 ஹெர்ட்ஸ் என்றால் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 82. அதற்கும் கீழே 60-ல் வெட்டுங்கள். உங்கள் மிகத் தாழ்ந்த தந்தி எதுவோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும்.

உரசல் இன்னும் மிஞ்சியிருந்தால் ஈக்வலைசரில் ஒரு புள்ளியை ஏற்றிவிட்டு 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை நகர்த்திப் பாருங்கள். எங்கே காது கூசுகிறதோ அங்கே 2 அல்லது 3 டெசிபெல் அகலமாக இறக்குங்கள். அதற்குமேல் இறக்கினால் மீட்டின் உயிர் போய்விடும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் வேண்டுமென்றால் 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள். மாதிரிக்கு எடுக்கும் அமைதியான துண்டில் ரீங்காரத்தின் மிச்சம் துளியும் இருக்கக் கூடாது. அதனால்தான் வாசிக்கத் தொடங்கும் முன், எல்லாத் தந்திகளையும் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு 10 நொடி வெறும் அறையைப் பதிய வேண்டும். சத்தம் குறைந்ததும் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் பக்கம் போகவே வேண்டாம். எதிரொலி சேர்க்கவும் தேவையில்லை, அடித்தந்திகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

யூடியூபுக்கு -14 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்குக் கொண்டுவந்து, உச்சத்தை -1 டெசிபெல்லில் நிறுத்தினால் போதும். அதைவிட ஏற்றினால் யூடியூபே இறக்கிவிடும்.

வீடியோவோடு சேர்த்தல்

ஃபோனில் வீடியோ ஓட, இன்டர்ஃபேஸில் ஒலி பதியும். தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை கைதட்டுங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரமும் லட்சத்தில் 5 பங்கு வேறுபட்டால்கூட அரை மணி நேரத்தில் 90 மில்லிசெகண்ட் விலகிவிடும். விரல் ஒரு நேரத்தில் மீட்டும், ஒலி வேறு நேரத்தில் வரும். இரண்டு உருப்படிக்கு நடுவே வெட்டித் திரும்பப் பொருத்துவதே எளிது.

இன்னொரு கண்ணி: 44100-ல் பதிந்ததை 48000 என்று தவறாக எடுத்துக்கொண்டு ஓடவிட்டால் வேகம் 9 சதவீதம் கூடி, ஸ்ருதி சுமார் 147 சென்ட், ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். 5 கட்டையில் வாசித்தது 6-ஐ எட்டிப் பார்க்கும். ஒலி திடீரென்று சிறுபிள்ளை வாசித்தது போல் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: காண்டாக்ட் மைக் மட்டும் இருப்பவர்களுக்கு

குதிரைக்கருகே ஒட்டி, பலகையின் அதிர்வையே எடுக்கும் பீசோ மைக்கை இன்டர்ஃபேஸில் சொருகியதும் தகரத்தில் தட்டியது போல் வருகிறது என்றால், மைக்கில் குறையில்லை. அதைச் சொருகும் உள்ளீட்டுக்கு 1 மெகா ஓம் அளவுக்கு உள்தடை தேவை. சாதாரண மைக் உள்ளீட்டிலோ லைன் உள்ளீட்டிலோ போட்டால் கீழ் ஒலிகள் முழுக்க வடிந்துவிடும். இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-ஸி' (Hi-Z) என்ற பொத்தானை அழுத்துங்கள். இல்லாவிட்டால் நடுவில் பீசோவுக்கான பிரீ-ஆம்ப் ஒன்று வேண்டும். அப்படியும் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்' கேட்டால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஸ்லைடு உரசல் பீசோவில், காற்று வழி ஒலியை எடுக்கும் சாதாரண மைக்கைவிட அதிகமாகவே ஏறும். அறை இரைச்சலுக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதை எடுங்கள்.