செவ்னிங் உதவித்தொகையில் எல்எல்.எம்.: வக்கீல்கள் விண்ணப்பிக்கும் முறை

செவ்னிங், பிரிட்டிஷ் அரசு 1983 முதல் கொடுத்துவரும் உதவித்தொகை. ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கான (சட்டத்தில் அது எல்எல்.எம்.) கல்விக் கட்டணம், மாதாமாதம் வாழ்க்கைச் செலவு, விமான டிக்கெட், விசா செலவு எல்லாம் இதில் அடக்கம். இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். படித்து முடித்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை.

உதவித்தொகை விண்ணப்பம் வேறு, பல்கலைக்கழக விண்ணப்பம் வேறு. செவ்னிங் உங்களுக்கு சீட் வாங்கித் தராது. நல்ல விண்ணப்பங்கள் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். செவ்னிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடும். நேர்காணல் பிப்ரவரிக்குப் பிறகுதான். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சட்டப் படிப்புகளோ அதற்குள் கதவை மூடிவிடும். நேர்காணல் அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வருடம் போயிற்று. அக்டோபரில் செவ்னிங்கை அனுப்பிய கையோடு, அதில் நீங்கள் குறிப்பிட்ட மூன்று படிப்புகளுக்கும் நவம்பரிலேயே பல்கலைக்கழகங்களில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். அவற்றின் விண்ணப்பக் கட்டணம் உங்கள் கைக்காசு.

தகுதியில் பலரும் தடுமாறுவது 2,800 மணி நேர வேலை அனுபவம். வாரம் 35 மணி, வருடம் 40 வாரம் என்று போட்டால் 1,400. இரண்டு வருடத்துக்கு 2,800. சீனியரிடம் ஜூனியராக இருப்பவருக்கு சம்பளச் சீட்டு ஏது? ஆனாலும் ஆபீஸ் வேலை, கோர்ட் வேலை இரண்டும் கணக்கில் வரும். பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், எந்தத் தேதியிலிருந்து வாரம் எத்தனை மணி வேலை பார்த்தீர்கள் என்று சீனியர் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், உங்கள் பெயர் உள்ள வக்காலத்துகளின் நகல் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பாடத்திட்டத்தில் கட்டாயமாக இருந்த இன்டர்ன்ஷிப்பை இதில் சேர்க்காதீர்கள்.

கட்டுரைகள் நான்கு: தலைமை, தொடர்புகள், ஏன் இந்தப் படிப்பு, தொழில் திட்டம். வக்கீல்கள் இங்கே மனு எழுதுவதுபோல் எழுதிவிடுகிறார்கள். "எனக்கு மனித உரிமைகளில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு" என்ற வரியில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் மாவட்டச் சிறையில் கிடந்த விசாரணைக் கைதிகளின் பட்டியலை எடுத்தேன். மூன்று ஜூனியர்களைச் சேர்த்துக்கொண்டு நிபந்தனையைத் தளர்த்த மனு போட்டேன். ஒன்பது பேர் வெளியே வந்தார்கள்." யார், என்ன, எத்தனை என்று மூன்றும் இதில் இருக்கின்றன. கட்டுரை ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். ஆனால் நடந்ததை முதலில் தமிழில் வரிசையாக எழுதிக்கொண்டால் வெற்றுப் பெருமை தானாக உதிர்ந்துவிடும். தொடர்புகள் பற்றிய கட்டுரையில் யாரைத் தெரியும் என்ற பட்டியல் வேண்டாம். ஒரு தொடர்பை வைத்து என்ன செய்தீர்கள், அதில் அந்த மற்றவருக்கு என்ன கிடைத்தது என்று சொல்லுங்கள். எங்கிருந்தும் நகல் எடுக்காதீர்கள்; மென்பொருளில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைவிடப் பாடங்களைப் பாருங்கள். பிரிட்டனில் எல்எல்.எம். பொதுவாக 180 கிரெடிட். அதில் பெரும்பாலும் 60 ஆய்வுக் கட்டுரைக்கு. நடுவர் தீர்ப்பாயச் சட்டம் படிக்க ஆசை என்றால், அதைக் கற்பிப்பவர் யார், அந்தப் பாடம் அடுத்த ஆண்டும் உண்டா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். மூன்று தேர்வுகளும் ஒரே துறையைச் சுற்றி இருக்கட்டும். மூன்றையும் ஆக்ஸ்ஃபோர்டு அளவு கடினமான இடங்களாகப் போடாதீர்கள். ஒன்றாவது உங்கள் மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் எல்எல்.எம்.முக்கு இணையான படிப்புகள் இரண்டு: இந்திய மாணவருக்கு உரியது பி.சி.எல்.; எம்.ஜூர். பிரான்ஸ், ஜெர்மனி போன்ற குடிமைச் சட்ட நாடுகளில் படித்தவர்களுக்கானது.

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருக்கிறதா? இந்திய பார் கவுன்சிலின் 2020 விதிகள், வெளிநாட்டு ஓராண்டு எல்எல்.எம்.மை இந்திய எல்எல்.எம்.முக்குச் சமமாக ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம் இது. இப்போதைய நிலையைக் கேட்டறிந்து முடிவெடுங்கள். எல்எல்.எம். முடித்தால் இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆகிவிடலாம் என்பதும் தவறு; 2021 முதல் அதற்கு எஸ்.க்யூ.ஈ. என்ற தனித் தேர்வு.

நிபந்தனையற்ற அனுமதிக் கடிதம் ஜூலைக்குள் கையில் இருக்க வேண்டும். நிபந்தனை நீங்காமல் இழுத்தடிப்பவை இரண்டு: ஒன்று மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட், மற்றது ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. டிரான்ஸ்கிரிப்டுக்கு டிசம்பரிலேயே விண்ணப்பியுங்கள். சட்டப் படிப்புக்குப் பல இடங்களில் ஐஇஎல்டிஎஸ் 7 அல்லது 7.5 கேட்பார்கள், எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்தாலும் கடிதம் வராது. அதனால் மறுபடி எழுத அவகாசம் வைத்து பிப்ரவரியிலேயே முதல்முறை எழுதுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து முன்பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் உடனே கட்டிவிடாமல், செவ்னிங்குக்கு விண்ணப்பித்திருப்பதைச் சொல்லி விலக்கோ அவகாசமோ கேளுங்கள்.

விசாவுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கட்டாயம். பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தால்தான் செல்லும். அதன் ஆயுள் ஆறு மாதம். ஜனவரியில் எடுத்து வைத்தால் ஆகஸ்டில் விசாவுக்குப் போகும்போது காலாவதியாகியிருக்கும். ஜூனில் எடுங்கள்.