துளி உடையாவிட்டால் மட்டும் போதுமா? ஃப்ளூரோகார்பன் பால்மங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளூரோகார்பன் பால்மத்தில், அதாவது ஃப்ளூரோகார்பன் எண்ணெயில் நீர்த்துளிகள் பரவிய கலவையில், ஒவ்வொரு துளியும் ஒரு தனிச் சோதனைக்குழாய். அந்தத் துளிகளைச் சேரவிடாமல் பிரித்து வைப்பது சர்ஃபாக்டன்ட். மைக்ரோஸ்கோப்பில் துளிகள் முழுதாகத் தெரிந்ததும் பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். துளி உடையாமலே அதன் உள்ளடக்கம் பக்கத்துத் துளிக்குப் போய்விடலாம்.

தேர்விலிருந்து தொடங்குவோம். ஸ்பான் 80 போன்ற வழக்கமான சர்ஃபாக்டன்ட்களின் ஹைட்ரோகார்பன் வால் (எண்ணெய்ப் பக்கம் நீளும் பகுதி) ஃப்ளூரோகார்பன் எண்ணெயில் கரையாது. அதற்குப் பெர்ஃப்ளூரோபாலிஈதர் வால் வேண்டும். கார்பாக்சிலிக் அமில முனை கொண்ட கிரைடாக்ஸ் 157 எஃப்எஸ்எச் அப்படிப்பட்ட வால் உடையதுதான். ஆனால் நீரைத் தொடும் இடத்தில் அது எதிர்மின்னூட்டம் பெற்று, நேர்மின்னூட்டமுள்ள புரதங்களை இழுத்துக்கொள்ளும். என்சைம் துளியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டால் வினை மந்தமாகும். துளி மட்டும் அழகாகவே இருக்கும். அதனால்தான் உயிரியல் வேலைகளுக்கு, நடுவில் பாலிஎதிலீன் கிளைக்கால், இரு முனைகளிலும் பெர்ஃப்ளூரோபாலிஈதர் என்று அமைந்த மின்னூட்டமற்ற வகை பரவலாகப் பயன்படுகிறது. இதைச் சொந்தமாகத் தயாரிப்பவர்கள் வினைபுரியாமல் மிஞ்சும் அமிலத்தை நீக்கியாக வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் அதே பழைய தொல்லைதான்.

அடுத்தது அளவு. துளிகள் சேர்கின்றன என்றதும் சர்ஃபாக்டன்ட்டைக் கூட்டுவதுதான் எல்லாருக்கும் தோன்றும். பொதுவாக எண்ணெயில் எடை அளவில் 1 முதல் 2 சதவீதம் போதும். அளவு கூடினால் எண்ணெய்க்குள் மைசெல்கள் (சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் கூடிய நுண்திரள்கள்) பெருகி, சிறிய மூலக்கூறுகளைத் துளிக்குத் துளி சுமந்து செல்லும். ரெசோருஃபின் சாயம் இப்படி எளிதில் கசியும். ஃப்ளூரசீன் அதைவிட நிதானமாகவே கசியும். ஆகவே ஃப்ளூரசீன் வெளியேறவில்லை என்பதை வைத்து உங்கள் மூலக்கூறும் கசியாது என்று முடிவுகட்டாதீர்கள். சாயமுள்ள துளிகளையும் இல்லாத துளிகளையும் கலந்து வைத்து, சோதனைக்கு ஆகும் அதே நேரம்வரை பாருங்கள். நீர்ப்பகுதியில் போவைன் சீரம் அல்புமின் என்ற புரதத்தைச் சேர்ப்பது கசிவைக் குறைக்க உதவும்.

அதற்காக அளவை ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து. நுண்குழாய்கள் கொண்ட சிப்பில் துளி உருவானதும் அதன் பரப்பைச் சர்ஃபாக்டன்ட் மூடுவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் இரண்டு துளிகள் முட்டினால் சேர்ந்துவிடும். அப்போது ஓட்ட வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், அல்லது துளிகள் சந்திக்கும் இடத்தைத் தள்ளி வையுங்கள். துளிகளைத் தாங்கும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு என்பது என் கருத்து.

எல்லாப் பழியையும் சர்ஃபாக்டன்ட் மேல் போடவும் கூடாது. பிளாஸ்மா கொடுத்து ஒட்டிய சிப்பின் சுவர் நீரை விரும்பும். நீரை விலக்கும் ஃப்ளூரோசிலேன் பூசாவிட்டால் துளிகள் அதில் ஒட்டிப் படரும். பிளாஸ்டிக் டியூப்பிலோ கையுறையிலோ சேரும் நிலைமின்சாரமும் துளிகளை இணைத்துவிடும். அப்புறம், எச்எஃப்இ-7500 போன்ற எண்ணெய்கள் நீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அடர்த்தியானவை. துளிகள் மேலே மிதப்பதால், மூடி திறந்திருந்தால் எண்ணெய் ஆவியாகி மேலடுக்குத் துளிகள்தான் முதலில் கெடும். பிசிஆர் (வெப்பச் சுழற்சியால் டிஎன்ஏவைப் பெருக்கும் முறை) செய்வதாக இருந்தால், அறை வெப்பநிலையில் தாங்குவதை நம்பாமல், உங்கள் பஃபரோடு முழுச் சுழற்சியையும் ஓட்டிப் பாருங்கள்.

பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் கலந்த வேதிப்பொருள்களின் தயாரிப்பை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக அமெரிக்க நிறுவனமான 3எம் 2022 டிசம்பரில் அறிவித்தது. அதன் நோவெக் 7500 (எச்எஃப்இ-7500-இன் வணிகப் பெயர்) எண்ணெய்க்கு மாற்று தேடுபவர்கள், பழைய சர்ஃபாக்டன்ட்தானே என்று அலட்சியமாக விட்டுவிட வேண்டாம். எண்ணெய் மாறினால் கரைதிறனும் கசிவும் மாறலாம். இரண்டையும் மறுபடி சோதியுங்கள்.